அஞ்சும் நெஞ்சுக்கு ஐம்புலன் துணை

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபோது முதலில் தயங்கினேன். தல வரலாறு எழுதும் புலமையோ சாத்திரங்களை ஆராயும் பயிற்சியோ எனக்கில்லை. அரசாங்க மருத்துவமனையில் 34 ஆண்டுகள் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். பினாங்கில் வசிக்கும் ஒரு சாதாரண பக்தை. ஆயினும் என் வாழ்வில் திருவருள் காட்டிய ஒரு வழியை மறைத்து வைத்துக்கொள்வது முறையன்று என்று தோன்றியது. அச்சத்தாலும் கவலையாலும் மனம் அலைபாயும்போது, நம் உடம்பின் ஐம்புலன்களையே துணையாகக் கொண்டு அமைதி பெறும் வழி அது. நம் கோயில்களில் அன்றாடம் நடப்பதுதான். நாம்தான் கவனிப்பதில்லை.

அந்த நள்ளிரவு

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோயில்களின் கதவுகள் பக்தர்களுக்கு மூடப்பட்டன. எல்லையும் மூடப்பட்டது. என் கணவர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பேருந்து ஏறி வந்து, இரண்டு நாள் தங்கிச் செல்வது அவன் வழக்கம். அந்த வருகை நின்றது. எப்போது திரும்பத் தொடங்கும் என்று சொல்வார் யாருமில்லை.

நான் மருத்துவமனையில் வேலை செய்தவள். நோய் என்றால் என்ன, மூச்சுத் திணறல் என்றால் என்ன என்று அறிந்தவள். அந்த அறிவே எனக்குப் பகையாயிற்று. தொலைக்காட்சியில் அன்றைய எண்ணிக்கையைக் கேட்டதும், மகனின் முகத்தைப் படுக்கையில் வைத்து நினைக்கத் தொடங்கிவிடுவேன். அவனுக்கு வந்தால் யார் பார்ப்பார்கள்? எனக்கு வந்தால் அவன் எப்படி வருவான்? இரண்டு கேள்விகளும் மாவு அரைக்கும் கல்லைப் போல இரவெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும். திடுக்கிட்டு விழித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வியர்த்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. நாக்கு வறண்டது. இதோ, மாரடைப்பு வந்துவிட்டது என்றே எண்ணினேன். பழக்கதோஷத்தால் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். நூறைத் தாண்டியிருந்தது. எண்ண எண்ண இன்னும் கூடியது. பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியர் உதவியுடன் மருத்துவமனைக்குச் சென்றேன். இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். எல்லாம் நலமாகவே இருந்தன. "இது பதற்றத்தால் வந்தது, அம்மா" என்றார் இளம் மருத்துவர்.

உண்மையைச் சொன்னால், மாரடைப்பு என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திராது. எத்தனையோ நோயாளிகளின் கையைப் பிடித்துப் 'பயப்படாதீர்கள்' என்று சொன்னவள் நான். எனக்கே நான் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கடவுளை நம்புகிறவளுக்கு இவ்வளவு பயம் வரலாமா என்ற கேள்வி வேறு என்னைக் குத்தியது. மகனிடம்கூடச் சொல்லவில்லை. இவ்விதம் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கும் அன்பர்கள் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதை இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன்.

உடம்பில் நடப்பது என்ன?

அச்சம் என்பது பாவமுமன்று, பக்திக் குறைவுமன்று. உயிரைக் காப்பதற்காக இறைவன் உடம்பில் வைத்துள்ள காவல் அது. காட்டில் புலியைக் கண்டால் சிந்தித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஓட வேண்டும் அல்லது எதிர்க்க வேண்டும். அதற்காகச் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு விரைகிறது. தசைகள் முறுக்கேறுகின்றன. செரிமானம் மந்தமாகிறது, வாய் உலர்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் என்பவர் 1915இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

எதிரே புலி இருந்தால் இவை யாவும் நன்மையே. ஆனால் நள்ளிரவில் படுக்கையில் கிடக்கும்போது புலி எங்கே இருக்கிறது? நம் எண்ணத்தில் இருக்கிறது. உடம்புக்கு இந்த வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. எண்ணப் புலிக்கும் அது உண்மைப் புலிக்கு ஆயத்தமாவது போலவே ஆயத்தமாகிறது. ஓடாமல் படுத்துக்கொண்டே மூச்சை மட்டும் வேகமாக வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. அதனால் விரல்களும் உதடுகளும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. உடம்பில் தோன்றும் இக்குறிகளைக் கண்டு மனம் இன்னும் அஞ்சுகிறது. மனம் அஞ்சுவதால் உடம்பு இன்னும் துடிக்கிறது. ஒன்றை ஒன்று துரத்தும் இந்தச் சுழலில்தான் நான் சிக்கியிருந்தேன். நாடியை எண்ணியது, எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று.

அப்பாவின் மணி

மருத்துவமனையிலிருந்து வந்தபின் பலவாறு முயன்றேன். 'ஒன்றும் ஆகாது' என்று மனத்திற்கு நூறு முறை சொன்னேன். 'ஆகிவிட்டால்?' என்று அது நூற்றியோராவது கேள்வி கேட்டது. எண்ணத்தை எண்ணத்தால் அடக்க முயல்வது, கலங்கிய குளத்து நீரைக் கையால் அழுத்தித் தெளிய வைக்க முயல்வதாகும். நாமஜெபம் செய்தேன். நாக்கு நாமத்தைச் சொல்ல, மனம் தன் பாட்டிற்குச் சிங்கப்பூருக்குப் போய்விடும்.

ஒரு நாள் விடியற்காலை, வழக்கம்போல் தூக்கமின்றி எழுந்து பூசையறையில் விளக்கேற்றினேன். அங்கே ஒரு சிறு வெண்கல மணி இருக்கிறது. என் தந்தையார் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கோயிலில் மாலை வேளையில் பூசை செய்பவரும் அவரே. தோட்டம் கைமாறி மக்கள் வெளியேறியபோது அவர் எடுத்து வந்த மணி அது. அன்று அதனை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஓசை எழுந்தது, மெல்ல மெல்லக் குறைந்தது, கடைசியில் கேட்கிறதா கேட்கவில்லையா என்னும் நிலைக்கு வந்து, அடங்கியது. அது அடங்கும் வரை நான் செவி மட்டுமாக இருந்தேன்.

அந்தச் சில நொடிகளில் என்னிடம் பயம் இல்லை. அதனை நான் விரட்டவில்லை. அதற்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. மறுபடி மணியை ஆட்டினேன். மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை ஆட்டியபோது, சிறு வயதில் அப்பா சொன்ன ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது.

நீற்றறையில் நாவுக்கரசர்

அன்பர்கள் யாவரும் அறிந்த வரலாறுதான். சூலை நோய் நீங்கிச் சமண சமயத்திலிருந்து சைவத்திற்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் தண்டித்தான். சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் இட்டு ஏழு நாள் மூடி வைத்தார்கள் என்று சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடுகிறார். நீற்றறையைத் திறந்து பார்த்தபோது நாவுக்கரசர் ஊனமின்றி இருந்தார். அங்கே அவர் அருளிய பதிகம் ஐந்தாம் திருமுறையில் உள்ளது. நம் கோயில்களிலும் தேவார வகுப்புகளிலும் குழந்தைகள்கூடப் பாடுவது.

அப்பதிகத்தின் முதற் பாடலில் அவர் எவற்றை நினைக்கிறார்? வீணையின் நாதத்தை, அந்தி நிலவை, தென்றலை, இளவேனிற் பருவத்தை, வண்டுகள் ஒலிக்கும் குளத்தை. இவை போன்றது இறைவனின் திருவடி நிழல் என்கிறார். வீணை செவிக்கு, நிலவு கண்ணுக்கு, தென்றல் மெய்க்கு, பூக்கள் மலரும் வேனில் மூக்குக்கு, குளத்து நீர் நாவுக்கு. "அஞ்சு வாசலையும் அவர் சாமிக்குத் திறந்து வெச்சாரு. நெருப்புக்கு நுழைய வழியில்லாமப் போச்சு" என்று அப்பா சொல்வார். எழுத்தறிவு அதிகம் இல்லாத தோட்டத் தொழிலாளி அவர். அந்த விளக்கத்தின் ஆழம் எனக்கு அறுபது வயதைக் கடந்தபின்தான் விளங்கியது.

அடியார்க்கு அன்று நிகழ்ந்தது திருவருளின் அற்புதம். நமக்கும் அதுவே நிகழும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்தப் பாடல் காட்டும் வழி நம்மைப் போன்றோர்க்கும் திறந்தே இருக்கிறது. வெந்து தணியாத நேரத்தில், வெப்பத்தையே நினையாமல் புலன்களை வேறொன்றில் நிறுத்தும் வழி அது.

கோயில் தரும் ஐந்து

அதன்பின் நம் கோயில் வழிபாட்டை எண்ணிப் பார்த்தேன். அங்கே ஐம்புலன்களில் ஒன்றுகூட வெறுமையாக விடப்படுவதில்லை.

முதலாவது மெய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவுகிறோம். குளிர்ந்த நீரும், அதன்பின் கருங்கல் தரையும் பாதத்தில் படுகின்றன. பதற்றத்தில் இருப்பவர் தம் எண்ணங்களில் மிதந்துகொண்டிருக்கிறார். பாதத்தில் தரை படும்போது 'இங்கே, இந்த இடத்தில் நிற்கிறேன்' என்னும் உணர்வு திரும்புகிறது. நெற்றியில் திருநீறு பூசும் விரலும் கையில் வாங்கும் சந்தனத்தின் குளிர்ச்சியும் அவ்வாறே.

இரண்டாவது செவி. மணியோசை திடீரென எழுவது, மெதுவாக அடங்குவது. எழும்போது நம் சிந்தனையை அறுக்கிறது. அடங்கும்போது நம் கவனத்தைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. நாதசுரமும் தவிலும் ஓதுவார் குரலும் இப்பணியையே செய்கின்றன.

மூன்றாவது கண். இருண்ட கருவறையில் ஒரே ஒரு சுடர். கண்ணுக்கு அங்கே வேறு வேலையில்லை. தீபாராதனை காட்டும்போது சுடர் நகரும் வழியே பார்வையும் நகர்கிறது.

நான்காவது மூக்கு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவில் தலாமஸ் என்னும் சந்திப்பின் வழியாகச் செல்கின்றன. மணமோ அச்சந்திப்பில் நில்லாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகவே சென்று சேர்கிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. சாம்பிராணி மணம் பட்டவுடன் காலஞ்சென்ற பாட்டியின் நினைவு வருவது இதனால்தான். மல்லிகை, துளசி, சந்தனம் ஆகியவற்றோடு நம் பழைய அமைதிகளும் சேர்ந்தே வருகின்றன.

ஐந்தாவது வாய். பெருமாள் கோயிலில் துளசியும் பச்சைக் கற்பூரமும் கலந்த தீர்த்தம். முருகன் கோயிலில் பஞ்சாமிர்தம். அச்சத்தில் உலர்ந்துபோன நாவில் உமிழ்நீர் ஊறுகிறது. ஓய்வு நேரத்திற்குரிய நரம்புகள் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

இவற்றுடன் பாடுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தேவார அடியையோ திருப்புகழ் அடியையோ பாடும்போது மூச்சு நீளமாக வெளியே செல்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைவதும், வெளியே விடும்போது சற்றுத் தணிவதும் இயற்கை. ஆகவே வெளிமூச்சு நீள நீள, இதயமும் தணிகிறது. பாடுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, உடம்புக்குத் தெரியும்.

வீட்டில் செய்யும் முறை

கோயிலுக்குச் செல்ல இயலாத நேரத்தில் நான் வீட்டிலேயே செய்து பழகிய முறையைக் கீழே தருகிறேன். பிற்காலத்தில் ஒரு மனநல ஆலோசகர், "ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணிச் செய்யும் ஒரு பயிற்சியை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காணும் பொருள் ஐந்து, தொட்டு உணர்வன நான்கு, கேட்கும் ஓசை மூன்று, மணம் இரண்டு, சுவை ஒன்று என்று வரிசையாக மனத்திற்குள் பெயர் சொல்லிச் செல்ல வேண்டும். இன்று பல நாடுகளில் பதற்றம் உடையோர்க்கு இதனைக் கற்பிக்கிறார்கள். கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. "இதை எங்கள் கோயிலில் செய்கிறோம், ஐயா" என்றேன். அவரும் சிரித்தார்.

முதலில், இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதியும்படி உட்காருங்கள். தரை குளிர்ச்சியா, வெதுவெதுப்பா? குதிகாலில் பாரம் அதிகமா, விரல்களிலா? அவசரப்படாமல் கவனியுங்கள்.

அடுத்து, எதிரே உள்ளவற்றில் ஐந்து பொருள்களைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். வெறுமனே 'விளக்கு' என்று சொல்லிக் கடந்து போகாமல், 'பித்தளை விளக்கு. இடப்பக்கத்தில் சிறிது கறுத்திருக்கிறது' என்று சொல்லுங்கள். நுணுக்கமாகப் பார்க்கப் பார்க்க, மனம் கற்பனையை விட்டுக் கண்ணெதிரே உள்ளதற்கு வந்து சேரும்.

பிறகு செவி. மணி இருந்தால் ஒருமுறை ஆட்டி, ஓசை முற்றிலும் அடங்கும் வரை பின்தொடருங்கள். மணி இல்லையா? மின்விசிறியின் ஓசை, வெளியே மோட்டார் சைக்கிள், பறவை எதுவாயினும் சரியே. நல்ல ஓசை, கெட்ட ஓசை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பின்னர் மணம். ஒரு பூ, சிறிது திருநீறு, சந்தனம், துளசி இலை, அல்லது சமையலறையில் உள்ள ஏலக்காய். மெதுவாக முகர்ந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

கடைசியில் சுவை. ஒரு மிடறு நீர் அல்லது ஒரு கற்கண்டு. உடனே கடித்து விழுங்காமல் நாவில் கரைய விடுங்கள். இறைவன் திருநாமத்தை இந்நேரத்தில் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருந்த மனம் இப்போது நின்று கேட்கும்.

இடையிடையே மனம் பழைய கவலைக்கு ஓடத்தான் செய்யும். அதற்காக உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம். கோயிலில் கைவிட்டு ஓடும் குழந்தையை அடிக்காமல் திரும்ப அழைத்து வருகிறோம் அல்லவா, அதுபோல அழைத்து வாருங்கள். முக்கியமாக, நாடியை எண்ணாதீர்கள். நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்ப்பது எனக்கு நேர்ந்தது போலப் பயத்தை வளர்க்கக்கூடும். வெளியே உள்ள பொருளில் புலனை நிறுத்துவதே இதில் பாதுகாப்பான வழி.

இன்னொன்று. பதற்றம் வந்தபின் கற்றுக்கொள்ள இயலாது. அமைதியான நாளிலேயே, காலைப் பூசையின்போது ஐந்து நிமிடம் பழக வேண்டும். நீந்தக் கற்பது வெள்ளம் வருவதற்கு முன்புதான்.

ஐந்தடக்கல் என்பதன் பொருள்

'புலன்களை அடக்க வேண்டும் என்றல்லவா பெரியோர் சொல்லியிருக்கிறார்கள்? நீங்கள் புலன்களைப் பயன்படுத்தச் சொல்கிறீர்களே?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுப்பது போல் ஐந்தையும் அடக்க வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை 126ஆவது குறளில் கூறுகிறார். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலும் இந்த ஆமை உவமை வருகிறது. ஆனால் அதே வள்ளுவர் 27ஆவது குறளில், சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் ஆகிய ஐந்தின் கூறுபாட்டையும் ஆராய்ந்து அறிபவனிடத்தில் உலகம் அடங்குகிறது என்கிறார். அறியச் சொன்னவரும் அவரே, அடக்கச் சொன்னவரும் அவரே.

ஆமை உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டே நடப்பதில்லை. இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்கிறது. நீட்ட வேண்டிய நேரத்தில் நீட்டுகிறது. இரண்டும் அதன் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பதற்றத்தில் இருப்பவரின் நிலையோ வேறு. தொலைக்காட்சிச் செய்தி ஒருபுறம் இழுக்கிறது. கைத்தொலைபேசியில் வரும் வதந்தி மறுபுறம் இழுக்கிறது. புலன்கள் அவரிடம் இல்லை. அவர் புலன்களிடம் இருக்கிறார். கண்ணை ஒரு சுடரில் நிறுத்துவதும் செவியை ஒரு மணியோசையில் நிறுத்துவதும் புலனடக்கத்தின் முதற்படியே என்பது என் எளிய கருத்து. அடக்குதல் என்பது பூட்டி வைப்பதன்று. உரிய வேலையைக் கொடுத்து நிறுத்துவது.

சில எச்சரிக்கைகள்

நான் தாதி என்பதால் இவற்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், அது பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். மாரடைப்பு இல்லை என்று அவர் சொன்னபின் இம்முறையைக் கையாளுங்கள். பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, உணவு இறங்கவில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அரசாங்க மருத்துவமனைகளில் அதற்கென மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை உட்கொள்வது இறைநம்பிக்கைக்கு மாறானதன்று. ஆஸ்துமா உள்ளவர்கள் புகையைத் தவிர்த்துப் பூவையோ துளசியையோ முகரலாம். ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரம் உண்ணத் தக்கதன்று. சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இம்முறை துன்பத்தைப் போக்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நான் எத்தனை முறை மணி ஆட்டினாலும் எல்லை திறக்கவில்லை. மகன் தொலைவிலேயே இருந்தான். ஆனால் 'அவனுக்கு என்ன ஆகுமோ' என்று அரற்றிக்கொண்டிருந்த நான், மாலையில் அவன் அழைக்கும்போது "என்ன சாப்பிட்டப்பா?" என்று நிதானமாகக் கேட்டு, அவன் சொல்லும் பதிலைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். அதற்கு முன் அவன் குரலில் இருமல் இருக்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனே, "அம்மா, இப்ப உங்ககிட்ட பேசினா எனக்கும் பயம் குறையுது" என்றான். அவனும் பயந்துகொண்டிருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்த மாதமே அவன் வந்தான். இருவரும் முதலில் கோயிலுக்குத்தான் சென்றோம். கால் கழுவும்போது நீரின் குளிர்ச்சியை அன்று உணர்ந்ததுபோல் என் வாழ்நாளில் உணர்ந்ததில்லை.

தூணைத் தொட்ட கை

சென்ற ஆண்டு ஓர் அன்னதான நாளில், மண்டபத்துத் தூணருகே ஓர் இளம்பெண் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். தாயை இழந்து நாற்பது நாள்கூட ஆகவில்லையென்று கணவர் சொன்னார். நெஞ்சு வலி உண்டா என்று விசாரித்தேன். இல்லை, மருத்துவர் ஏற்கெனவே சோதித்து இது பதற்றம் என்று சொல்லிவிட்டார் என்றார்கள். அவள் உள்ளங்கையை எடுத்துத் தூணின்மேல் வைத்தேன்.

"தூண் எப்படியிருக்கும்மா? சொல்லு."

"சில்லுன்னு இருக்கு, ஆன்ட்டி."

"வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா?"

அவள் தடவிப் பார்த்தாள். "மேல வழவழன்னு இருக்கு. கீழ பூ செதுக்கின எடம் சொரசொரப்பா இருக்கு."

அதற்குள் உச்சிக்காலப் பூசையின் மணி ஒலித்தது. அவளுடைய மூச்சு மெல்லச் சீரானது. பிறகுதான் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அழுகை வேறு, பதற்றம் வேறு. தாய்க்காக அழுவதற்கு அவளுக்கு உரிமையுண்டு. அதற்கு இடம் தராமல் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பதற்றம்தான்.

கோயிலுக்கு எண்ணெய் வாங்கித் தரும் அன்பர்களும், பூமாலை கட்டித் தரும் தாய்மார்களும், தரைக்குக் கல் பதிக்கவும் மணி வார்க்கவும் பொருள் வழங்கும் நன்கொடையாளர்களும் ஒன்றை எண்ணி மகிழ வேண்டும். உங்கள் பொருள் இறைவனுக்குச் செய்யும் அலங்காரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியாத ஒருவர், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பயத்தோடு அந்த வாசலில் நுழைகிறார். நீங்கள் பதித்த கல் அவர் பாதத்தைத் தாங்குகிறது. நீங்கள் கொடுத்த எண்ணெயில் எரியும் சுடர் அவர் கண்ணை நிறுத்துகிறது. அவர் மூச்சு ஒருமுறை நீளமாக வெளியே வருகிறது. அதைவிடப் பெரிய அறம் வேறென்ன இருக்க முடியும்?

அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது, அர்ச்சனைச் சீட்டை நீட்டிவிட்டு அவசரமாகத் திரும்பாதீர்கள். மணியோசை முழுமையாக அடங்கும் வரை அங்கேயே நில்லுங்கள். ஐந்து வாசல்களும் திறந்திருக்கட்டும். அவற்றின் வழியே எல்லாம் வல்ல இறைவனின் கருணை உங்கள் உள்ளத்திற்குள் வந்து நிறைய, அடியேன் அவன் திருவடிகளைப் பணிந்து வேண்டுகிறேன்.